சுருட்டு, சிகாரு: ஊர்ல எல்லாரும் என்னைக் கேக்கற கேள்விங்களுக்கு ஒரேடியா பதில்

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பெங்களூர்ல ஒரு பெரிய ஓட்டல்ல ஒம்பது வருஷம் வேலை பாத்தேன், அதுல ஆறு வருஷம் சிகார் லவுஞ்சுல. கஸ்டமருக்கு எடுத்துக் குடுக்கறது, வெட்டித் தர்றது, பெட்டியில ஈரப்பதம் பாக்கறது, இதான் வேலை. எங்க தாத்தா சின்ன வயசுல உறையூர் போயி சுருட்டு சுத்த கத்துக்கிட்டு, திரும்பி வந்து வீட்டுத் திண்ணையிலயே சுத்தி சந்தையில வித்தவரு. இப்ப நான் ஊருக்கே வந்து மளிகைக் கடை வெச்சிருக்கேன். துபாய்ல இருந்து வந்த மச்சான் ஒரு பெட்டி குடுத்தான்னா, கோயில் பூஜைக்கு சுருட்டு வாங்கணும்னா, எல்லாரும் என்கிட்டதான் வர்றாங்க. அதே கேள்விக்கு அதே பதில சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வெக்கறேன். வாங்குங்கன்னு சொல்ல இல்ல. எங்க வீட்ல இதனால என்ன ஆச்சுன்னு கீழ சொல்லியிருக்கேன், அதையும் படிச்சிடுங்க.

சிகாரும் நம்ம சுருட்டும் ஒண்ணா, வேற வேறயா?

அடிப்படையில ஒண்ணுதான். சிகரெட்னா புகையிலைத் தூள பேப்பர்ல சுத்தறது, பீடின்னா பீடி இலையில சுத்தறது, சுருட்டுன்னா புகையிலைய புகையிலையிலயே சுத்தறது. சிகாரும் அப்படித்தான், பேப்பரே கெடயாது.

வித்தியாசம் வடிவத்துல இருக்கு. நம்ம சுருட்டு ரெண்டு முனையும் வெட்டி விட்டு நேரா இருக்கும், வாங்கின உடனே பத்த வெக்கலாம். சிகாருக்கு வாய் வெக்கற பக்கம் இலையாலயே ஒரு தொப்பி போட்டு மூடியிருப்பாங்க, அத வெட்டணும். இன்னொண்ணு, நல்ல சிகார்ல மூணு அடுக்கு இருக்கும். உள்ள அடைக்கற இலை, அத இறுக்கிப் புடிக்கற கட்டு இலை, வெளிய அழகுக்கும் ருசிக்கும் மேல் இலை. சந்தை சுருட்டுல நடு அடுக்கு பெரும்பாலும் இருக்காது.

"செரூட்"னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்குதே, அதுல இருந்துதான் சுருட்டுன்னு வந்துச்சா?

தலைகீழா சொல்றீங்க. நம்ம சுருட்டுதான் இங்கிலீஷ்காரன் வாயில செரூட் ஆச்சு. போர்ச்சுகீசியர்கள் சொல்ற சருட்டோவும் நம்ம வார்த்தைதான். சுருட்டறதால சுருட்டு, அவ்ளோதான். லவுஞ்சுல ஒரு வெள்ளைக்காரரு என்கிட்ட செரூட்னா என்னன்னு பாடம் நடத்தினாரு, நான் முழுக்க கேட்டுட்டு "சார், அது எங்க தாத்தா பேசின வார்த்தை"ன்னேன். நல்ல டிப்ஸ் குடுத்துட்டுப் போனாரு.

ஆனா செடி நம்மளது இல்ல. 1492ல கொலம்பஸ் கூட போன ரெண்டு பேரு கியூபாவுல அங்கத்த தைனோ ஜனங்க இலைய சுத்திப் புகைக்கறத பாத்தாங்க, அங்கிருந்து ஐரோப்பா, அப்புறம் போர்ச்சுகீசியர் கப்பல்ல இங்க. 1600 வாக்குல அக்பர் அரண்மனை வரைக்கும் போயிடுச்சு, அவரு பையன் ஜஹாங்கீர் 1617ல தடை போட்டாரு. யாரும் கேக்கல போல.

திருச்சி சுருட்டு நெஜமாவே உலக பேமஸா, இல்ல நம்ம ஆளுங்க விடற கதையா?

நெஜம். உறையூரும் திண்டுக்கல்லும் வெள்ளைக்காரன் காலத்துல சுருட்டுக்கு பேர் போன ஊரு, லண்டன் வரைக்கும் சரக்கு போச்சு. இங்கிலீஷ்ல டிரிச்சினாப்பொலின்னு ஊரு பேரை சொன்னாலே சுருட்டுன்னு அர்த்தம் ஆகற அளவுக்கு. 1887ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில, தரையில கெடந்த சாம்பலோட நிறத்தையும் அது செதில் செதிலா இருக்கறதையும் பாத்தே கொலைகாரன் குடிச்சது திருச்சி சுருட்டுன்னு துப்பறிவாரு. அத படிச்ச லண்டன்காரனுக்கு தனியா விளக்கம் தேவைப்படல பாருங்க.

சர்ச்சிலுக்கு திருச்சியில இருந்துதான் போச்சான்னும் கேப்பாங்க. அவரு 1895ல கியூபா போனாரு, 1896ல பெங்களூர்ல பட்டாளத்துல இருந்தாரு, அதனால நம்ம சரக்கும் அவரு கைக்குப் போயிருக்கலாம். ஆனா அவரு பேர்ல இன்னிக்கு இருக்கற சைஸு, ஏழு இஞ்ச் நீளம், அது கியூபாக்காரன் வெச்ச பேரு. நான் இந்த விஷயத்துல ரொம்ப மார்தட்ட மாட்டேன்.

அந்தப் பக்கம் புகையிலை ஆராய்ச்சிக்குன்னே வேடசந்தூர்ல 1948ல ஒரு நிலையம் ஆரம்பிச்சாங்க, சிகார் சுருட்டுக்கான ரகங்களுக்காக. எங்க தாத்தாவுக்கும் இலை திண்டுக்கல் பக்கம் இருந்துதான் லாரியில வரும், மூட்டைய பிரிச்ச உடனே கையில எடுத்து மோந்து பாப்பாரு, பிடிக்கலைன்னா அன்னிக்கு பூரா யார்கிட்டயும் பேச மாட்டாரு.

கியூபா சிகாருக்கு மட்டும் ஏன் அவ்ளோ மவுசு?

மண்ணு. கியூபாவோட மேற்கு மூலையில பினார் தெல் ரியோன்னு ஒரு மாகாணம், அதுல வுயெல்டா அபாஹோன்னு ஒரு பகுதி. உள் இலை, கட்டு இலை, மேல் இலை மூணும் ஒரே இடத்துல தரமா வர்றது உலகத்துலயே அபூர்வம், அங்க வருது. நம்ம கிருஷ்ணகிரி மாங்காய நெனச்சுக்கோங்க. அதே பெங்களூரா ஒட்டுக் கன்ன கொண்டு போயி வேற எங்கயோ வெச்சா மரம் வரும், காயும் வரும், ஆனா கூழ் கம்பெனிக்காரன் கிருஷ்ணகிரிக்குதான் லாரி அனுப்புவான்.

மண்ணுக்கு மேல அரசியலும் சேந்துச்சு. 1960ல காஸ்ட்ரோ அரசாங்கம் சிகார் கம்பெனிங்கள எடுத்துக்கிச்சு. முதலாளி குடும்பங்க பல பேரு டொமினிக்கன் குடியரசு, நிகராகுவா, ஹோண்டுராஸ்னு போயி கியூபா விதைய வெச்சு அங்க ஆரம்பிச்சாங்க. அதனாலதான் ஒரே பேர்ல ரெண்டு நாட்டு சிகார் இருக்கு, ரோமியோ ஹூலியட்டாங்கற பிராண்ட யாராவது கேட்டா எந்த நாடுன்னு நீங்க திருப்பிக் கேக்கணும். 1962 பிப்ரவரியில அமெரிக்கா முழுத் தடை போட்டுச்சு. அதுக்கு முந்தின நாள் கென்னடி தன்னோட பத்திரிகைச் செயலாளர் சாலிஞ்சரை கூப்புட்டு ஆயிரம் கியூபா சிகார் வாங்கிட்டு வரச் சொன்னாரு, அவரு 1200 கொண்டு வந்தாரு, காலையில எண்ணிக்கைய கேட்டதுக்கு அப்புறம்தான் கென்னடி தடை உத்தரவுல கையெழுத்து போட்டாரு. சாலிஞ்சரே பின்னாடி சொன்னது இது. தடைன்னு ஒண்ணு வந்தாலே மவுசு ஏறிடும், நம்ம ஊர்ல இத நான் விளக்கணுமா?

நிகராகுவாவுல எஸ்தெலின்னு ஒரு ஊரு இருக்கு, அங்க சுத்தறது என் நாக்குக்கு பல கியூபா சரக்க விட நல்லா இருக்கும். பேருக்காக காசு குடுக்காதீங்க.

ஒரு சிகார் ரெடியாக எவ்ளோ நாள் ஆவும்? சுத்தறது அஞ்சு நிமிஷ வேலைதானே?

சுத்தறது நிமிஷக் கணக்கு. அதுக்கு முன்னாடி இருக்கறது வருஷக் கணக்கு, வெலை அதுக்குதான்.

புகையிலை விதை கேப்பைய விட ரொம்பப் பொடிசு, ஒரு கிராம்ல பத்தாயிரத்துக்கு மேல நிக்கும். நாத்து விட்டுப் புடுங்கி நடணும். செடி வளந்ததும் நுனிக் கொழுந்த கிள்ளிடுவாங்க, பூ விட்டுட்டா சத்து பூவுக்கு போயிடும், இலைக்கு வராது. பக்கத்துல வர்ற சிம்பையும் ஒடிச்சுக்கிட்டே இருக்கணும். அறுவடை ஒரேடியா கெடயாது, அடி இலையில இருந்து ஆரம்பிச்சு சில நாள் விட்டு சில நாள் ரெண்டு மூணு இலையா மேல ஏறிக்கிட்டே போகணும்.

அப்புறம் கொட்டாய்ல தொங்க விடறது. நம்ம பக்கம் ஊரு பேரே பாதி கொட்டாய்லதான் முடியுது, ஆனா இந்த கொட்டாய் உயரமா, காத்து போக வழி விட்டு கட்டினது. ரெண்டு மாசம் போல தொங்கும், பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். நெருப்பு மூட்டிக் காய வெச்சா சீக்கிரம் காயும், ஆனா இலையில இருக்கற மாவும் பச்சையும் தானா உடைஞ்சு போற வேலை நடக்காது. அதான் நிழல் காத்து.

அடுத்ததுதான் எனக்கு பிடிச்ச கட்டம், அம்பாரம் போடறது. காஞ்ச இலைய லேசா ஈரம் காட்டி கட்டுக் கட்டா கட்டி, ஆள் உயரத்துக்கு அடுக்கிடுவாங்க. அடுக்கினா தானாவே உள்ள சூடேறும். வைக்கப்போர்ல மாங்கா பழுக்க வெச்சிட்டு உள்ள கைய விட்டுப் பாத்திருப்பீங்களே, அந்த மாதிரி, அதவிட அதிகம். நடுவுல கம்பி மாதிரி வெப்பமானி சொருகி பாத்துக்கிட்டே இருப்பாங்க. 40 டிகிரி தாண்டிச்சுன்னா அம்பாரத்த பிரிச்சு உள்ள இருந்தத வெளிய, வெளிய இருந்தத உள்ள மாத்தி அடுக்குவாங்க. இல்லைன்னா இலை வெந்து கருகிடும். இந்த சூட்டுலதான் அம்மோனியா வெளிய போவும், மாட்டுக் கொட்டாய் நெடி அடிக்கும், கண்ணு எரியும். இந்த வேலைய அவசரப்பட்டு முடிச்ச சரக்குதான் தொண்டையில கீறுற மாதிரி இருக்கறது. எங்க தாத்தா இதுக்கு ஒரு வார்த்தை வெச்சிருந்தாரு, "இலை இன்னும் அழுவுது". அழுகைய நிறுத்தாத இலைய அவரு தொடவே மாட்டாரு.

இது முடிஞ்சும் மூட்டை கட்டி பழசாக்கணும். சாதா இலைக்கு ஒரு வருஷம், செடியோட உச்சியில வர்ற காட்டமான இலைங்களுக்கு ரெண்டு மூணு வருஷம், ஒசந்த சரக்குக்கு இன்னும் அதிகம். பழைய புளிக்கும் புதுப் புளிக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஊரு நம்மளது, இதுக்கு மேல சொல்ல வேணாம்.

உள்ள வெக்கற இலை எல்லாம் ஒண்ணுதானா?

இல்ல. செடியோட உச்சியில வெயில நல்லா வாங்கின இலை தடிப்பா எண்ணெய்ப் பசையோட இருக்கும், அதுக்கு லிஹேரோன்னு பேரு, காட்டம் அதுலதான். நடு இலை சேக்கோ, வாசனைக்கு. அடி இலை வொலாடோ, மெல்லிசா இருக்கும், நெருப்பு அணையாம இருக்க. மூணையும் எந்த அளவுல சேக்கறாங்கங்கறதுதான் கம்பெனி ரகசியம். லிஹேரோ மெதுவா எரியும், அதனால நடு மையத்துல வெக்கணும், ஓரத்துல வந்துட்டா ஒரு பக்கம் மட்டும் எரிஞ்சு போயி கோணலா நிக்கும். உங்க சிகார் கோணலா எரிஞ்சுதுன்னா காத்த திட்டாதீங்க, சுத்தினவரு அன்னிக்கு எங்கயோ கவனம் விட்டிருக்காரு.

கையால எப்படி சுத்தறாங்க? தொடையில வெச்சு சுத்துவாங்கன்னு சொல்றாங்களே?

தொடைக் கதைய விடுங்க, அது எவனோ கிளப்பி விட்டது. பலகையிலதான் சுத்துவாங்க, அங்கயும் இங்கயும்.

கியூபாவுல சுத்தறவருக்கு தோர்செதோர்னு பேரு. கையில சவேத்தான்னு ஒரு கத்தி, கைப்பிடி கெடயாது, பாதி நிலா மாதிரி தகடு. எங்க தாத்தாகிட்ட அது இல்ல, ஒரு கத்தரி, ஒரு சின்னக் கத்தி, கொட்டாங்குச்சியில கஞ்சிப் பசை, அவ்ளோதான். ஆனா விரல் பண்ற வேலை ரெண்டு ஊர்லயும் ஒண்ணு.

மொதல்ல இலைய பதத்துக்கு கொண்டு வரணும். காஞ்சிருந்தா நொறுங்கும், நனைஞ்சிருந்தா எரியாது, வெத்தலை மாதிரி மடிச்சா மடங்கணும். நடு நரம்ப உருவி எடுக்கணும், அது எங்க பாட்டி வேலை, ஒரே இழுப்புல இலை கிழியாம வரும். கியூபாவுலயும் நரம்பு உருவறது ரொம்ப காலமா பொம்பளைங்க வேலையாவே இருந்துச்சு, சுத்தற மேஜை ஆம்பளைங்களுக்கு. இப்ப அங்க சுத்தறவங்கள்ல பொம்பளைங்கதான் நிறைய. எங்க பாட்டி தாத்தாவ விட நல்லா சுத்துவாங்கன்னு எங்க அம்மா சொல்லுவாங்க, ஆனா சந்தையில தாத்தா பேருதான்.

அப்புறம் உள் இலைங்கள கையில புடிக்கறது. இங்கதான் தொழிலே இருக்கு. ஒவ்வொரு இலையையும் விசிறி மடிப்பா மடிச்சு, நடுவுல நீளத்துக்கும் காத்துப் போற வழி விட்டு புடிக்கணும். நல்ல கையி இலைய நறுக்காது, முழு நீள இலைதான் வெக்கும், தூளும் துண்டும் மலிவு சரக்குக்கு. இறுக்கிட்டா புகை வராது, தளர்ந்தா நெருப்பு வேகமா ஓடி நாக்கு சுடும். எவ்ளோ இறுக்கணும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. இப்ப பெரிய கம்பெனிங்கள்ல புகை சரியா வருதான்னு மெஷின்ல உறிஞ்சிப் பாக்கறாங்க. தாத்தா பத்த வெக்காம வாயில வெச்சு ஒரு இழு இழுப்பாரு, தலைய ஆட்டுனா பாஸு.

கட்டு இலை சுத்தினதும் மர அச்சுல வெச்சு அழுத்துவாங்க, அரை மணி முக்கா மணி, நடுவுல ஒரு தடவ திருப்பி வெக்கணும், இல்லைன்னா ஓரத்துல கோடு விழும். கடைசியா மேல் இலை. நடு நரம்ப எடுத்துட்டா ஒரு இலை இடது பாதி, வலது பாதின்னு ரெண்டாவும். நரம்பு ஓடற திசைக்கு ஏத்த மாதிரி ஒரு பாதிய ஒரு பக்கமாவும் இன்னொரு பாதிய எதிர்ப் பக்கமாவும் சுத்தணும். லவுஞ்சுல பெட்டிய திறந்தா சிகார்ல சுத்தின கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க, பொறுமையா அடுக்கறவங்க ஒரே பக்கம் சாயறத ஒரே பெட்டியில போடுவாங்க. இத சொன்னா கஸ்டமர் எல்லாம் பெட்டிய திருப்பித் திருப்பிப் பாப்பாங்க.

தொப்பிக்கு மேல் இலையிலயே வட்டமா வெட்டி, ருசியில்லாத செடிப்பிசின் ஒரு துளி வெச்சு ஒட்டுவாங்க. அனுபவஸ்தர் ஒரு நாளைக்கு நூறு சொச்சம் சுத்துவாரு, சைஸ பொறுத்து கூடும் கொறையும்.

சுத்தறவங்களுக்கு ஒருத்தரு கதை படிச்சு காட்டுவாராமே?

ஆமா, இதுதான் அந்தத் தொழில்லயே எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். 1865ல ஹவானாவுல எல் ஃபிகாரோன்னு ஒரு சிகார் பேக்டரியில ஆரம்பிச்சது. நாள் பூரா ஒரே வேலை, கை ஓடும், காது சும்மா இருக்கும். அதனால ஒருத்தர மேடையில உக்கார வெச்சு பேப்பர், நாவல் எல்லாம் சத்தமா படிக்க வெச்சாங்க. அவருக்கு சம்பளம் முதலாளி குடுக்கல, தொழிலாளிங்களே ஆளுக்கு கொஞ்சம் போட்டு குடுத்தாங்க, என்ன படிக்கணும்னு அவங்களே ஓட்டுப் போட்டாங்க. அடுத்த வருஷமே ஸ்பெயின் கவர்னர் தடை போட்டுட்டாரு, ஏன்னா காது தெறந்தவன் கூலி கேப்பான். ஆனா நிக்கல, திரும்ப வந்துச்சு, அமெரிக்காவுல ஃப்ளோரிடா வரைக்கும் போச்சு. தாம்பாங்கற ஊர்ல 1931ல முதலாளிங்க படிக்கறவங்கள நிறுத்தினப்ப தொழிலாளிங்க வேலைய விட்டு வெளிய வந்துட்டாங்க. கியூபாவுல இன்னிக்கும் படிக்கறாங்க. மான்டே கிறிஸ்டோங்கற பிராண்ட் பேரு 1935ல அப்படி படிச்ச நாவல்ல இருந்துதான் வந்துச்சு, தொழிலாளிங்களுக்கு அந்தக் கதை அவ்ளோ பிடிக்குமாம்.

கேரளாவுல கண்ணூர் பீடிக் கம்பெனிங்கள்லயும் இந்தப் பழக்கம் இருந்துச்சு. எங்க திண்ணையில தாத்தா சுத்தறப்ப பக்கத்து வீட்டுக் கூத்து வாத்தியாரு வந்து உக்காந்துடுவாரு, அவரு பாரதக் கூத்துல துரியோதனன் வேஷம் கட்டறவரு, பதினெட்டாம் போர் வசனத்த சொல்லிப் பாத்துக்கிட்டே இருப்பாரு. சம்பளம் ரெண்டு சுருட்டு. ஹவானாவுல எப்படியோ எங்க திண்ணையிலயும் அப்படித்தான், ஆனா நம்ம பக்கத்த யாரும் எழுதி வெக்கல.

பெட்டியில 50, 52ன்னு நம்பர் போட்டிருக்கே?

தடிமன். ஒரு இஞ்ச 64 பங்கா போட்டா அதுல 50 பங்கு, முக்கா இஞ்சுக்கு கொஞ்சம் மேல. காட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடயாது.

கருப்பா இருந்தா காட்டம் அதிகமா?

இல்ல. மேல் இலைய அதிக நாள் சூட்டுல புளிக்க வெச்சா கருக்கும், லேசா வெல்ல வாசனை கூட வரும். காட்டம் உள்ள இருக்கற லிஹேரோவுல. வெளுப்பா இருக்கறதுல கூட தலை சுத்தறது உண்டு.

தர்மபுரி வெயில்ல சிகார எப்படி பத்திரப்படுத்தறது? ஃப்ரிட்ஜ்ல வெக்கலாமா?

ஃப்ரிட்ஜ் வேணாம். காஞ்சு போவும், நேத்து வெச்ச மீன் கொழம்பு வாசனைய பூரா இழுத்துக்கும்.

அதுக்கு வேண்டியது 65ல இருந்து 70 சதவீதம் ஈரப்பதம், 18ல இருந்து 20 டிகிரி. ஓசூர்ல இருக்கறவங்களுக்கு பாதி வருஷம் கவலை இல்ல, மேட்டு ஊரு, குளிர்ச்சி. தர்மபுரியில சித்திரை மாசம் ஓட்டு வீட்ல வெச்சா ஒரே வாரத்துல அப்பளம். காத்துப் புகாத டப்பா, உள்ள ஈரப்பத பாக்கெட் ஒண்ணு, வீட்லயே குளிர்ச்சியான மூலை, பெரும்பாலும் சாமி ரூம்தான் அந்த மூலை, அங்க வெக்கலாமா வேணாமான்னு நீங்களும் வீட்டுக்காரம்மாவும் பேசிக்கோங்க.

மரப்பெட்டி ஏன் சீடர் மரத்துலன்னு கேப்பாங்க. பேருதான் ஸ்பானிஷ் சீடர், அது ஸ்பெயினும் இல்ல, நெஜ சீடரும் இல்ல, நம்ம வேப்ப மரம், மலைவேம்பு இருக்குல்ல, அதே குடும்பத்து மரம். ஈரத்த வாங்கி வெச்சு மெதுவா விடும், வாசனைக்கு பூச்சியும் கொஞ்சம் ஒதுங்கும். பாட்டி கேப்பை குதிர்ல வேப்ப இலை போட்டாங்களே, அதே யோசனை.

பூச்சின்னா சின்னதா செம்பழுப்பு வண்டு. மஞ்சக் கொம்புல பொடிப் பொடியா ஓட்டை போடுமே, அதே வண்டுதான் புகையிலையையும் ஓட்டை போடும். முட்டை இலையிலயே ஒட்டிக்கிட்டு வரும், சூடு 24 டிகிரி தாண்டினா பொரிக்க ஆரம்பிக்கும், நம்ம ஊர்ல அது எப்பவுமே தாண்டும். சிகார்ல குண்டூசி ஓட்டை தெரிஞ்சா அந்தப் பெட்டிய உடனே தனியா எடுத்து, பாலிதீன்ல சுத்தி ஃப்ரீசர்ல மூணு நாள், அப்புறம் ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், அப்புறம் வெளிய. நேரா வெளிய எடுத்தா மேல் இலை வெடிச்சிடும்.

தண்ணி விஷயத்துல நான் பட்டத சொல்றேன். வேலைக்கு சேந்த புதுசுல, பெட்டிக்குள்ள ஈரத்துக்கு வெக்கற ஸ்பாஞ்சுக்கு ஊத்தற காய்ச்சி வடிச்ச தண்ணி தீந்து போச்சு, நான் போர் தண்ணிய ஊத்திட்டேன், தண்ணிதானேன்னு. பாலக்கோட்டான் எனக்கு உப்புத் தண்ணி என்ன பண்ணும்னு தெரிஞ்சிருக்கணும், எங்க ஊர்ல பக்கெட்டு வெள்ளையா படிஞ்சு போறத பாத்து வளந்தவன். மூணு வாரத்துல ஸ்பாஞ்சு அடைச்சுக்கிட்டு, பூஞ்சை புடிச்சு, நாப்பது சிகார் போச்சு. ரெண்டு மாச சம்பளத்துல புடிச்சாங்க. பூஞ்சை நீலப் பச்சையா, பஞ்சு மாதிரி இருக்கும், அது வந்தா தூக்கிப் போட்டுடுங்க.

டூப்ளிகேட் எப்படி கண்டுபிடிக்கறது?

கொஹீபாங்கற கியூபா பிராண்ட் பேரு போட்டு மேல கண்ணாடி மூடி வெச்ச பெட்டி யாராவது குடுத்தா, அது டூப்ளிகேட், யோசிக்கவே வேணாம், அவங்க கண்ணாடி மூடி போட்டு செய்யறதே இல்ல. கியூபா பெட்டிக்கு அடியில "தோதால்மென்தே ஆ மானோ"ன்னு முத்திரை இருக்கும், முழுக்க கையாலங்கற அர்த்தம், 1989ல இருந்து போடறாங்க. அதோட தொழிற்சாலை, மாசம், வருஷம் குறிச்ச முத்திரையும் இருக்கும். எதுவுமே புரியலைன்னா ஒண்ண நீளவாக்குல பொளந்து பாருங்க. உள்ள முழு இலையா இருக்கா, இல்ல கடை பெருக்கின மாதிரி தூளா? பஜார்ல நூறு ரூபாய்க்கு கியூபா சிகார் எவனும் விக்க மாட்டான்.

மச்சான் துபாய்ல இருந்து வர்றான், எத்தனை கொண்டு வரலாம்?

வரி இல்லாம 25. அதுக்கு மேல இருந்தா சொல்லிட்டு வரி கட்டணும்.

புகைய உள்ள இழுக்கலைன்னா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றாங்களே?

தப்பு. இத நெறைய படிச்சவங்களே சொல்றாங்க, அதான் கொஞ்சம் நீளமா சொல்றேன்.

சிகரெட் புகை அமிலத்தன்மை, அதுல நிக்கோட்டின் ஏறணும்னா நுரையீரலுக்கு இழுக்கணும். சிகார் புகை காரத்தன்மை, வாய்க்குள்ள வெச்சிருந்தாலே கன்னத்துத் தோல் வழியா ரத்தத்துக்குப் போயிடும். ஒரு சிகரெட்டுல ஒரு கிராமுக்கும் கம்மியா புகையிலை, ஒரு பெரிய சிகார்ல பதினஞ்சு இருபது கிராம் கூட இருக்கும், அதாவது ஒரு பாக்கெட் சிகரெட் ஒரே குச்சியில. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ல புத்துநோய் வரும். கையால செஞ்சது, ரசாயனம் இல்லாதது, இயற்கைன்னு சொல்றதெல்லாம் ருசிக்குதான், எரிச்சா எல்லாம் ஒண்ணுதான்.

எங்க தாத்தாவுக்கு 71 வயசுல இடது கன்னத்துல புண்ணு வந்துச்சு. அவரு எப்பவும் சுருட்ட அந்தப் பக்கம்தான் ஒதுக்கிப்பாரு. சேலத்துக்கு கூட்டிட்டுப் போனோம், எட்டு மாசம். கடைசி மாசம் கஞ்சி கூட எறங்கல. நான் ஆறு வருஷம் லவுஞ்சுல நின்னும் ஒண்ணு கூட முழுசா குடிச்சது கெடயாது, மோந்து பாத்தே வித்தவன்.

18 வயசுக்கு கீழ யாருக்கும் என் கடையில தர மாட்டேன், அப்பாவுக்குன்னு சொன்னாலும். சட்டமும் அதான் சொல்லுது. பொது எடத்துல புகைக்கறதுக்கு 2008 அக்டோபர் 2ல இருந்து தடை இருக்கு, பஸ் ஸ்டாண்டுல சிகார் புடிச்சா மட்டும் விட்டுடுவாங்கன்னு நெனக்காதீங்க.

முனியப்பனுக்கு படையல் வெக்க எந்த சுருட்டு வாங்கணும் அண்ணே?

ஆடி மாசம் வந்தா தினம் நாலு பேரு கேப்பாங்க. சாதா சுருட்டு போதும். ஒருத்தரு பெங்களூர்ல வீடு வாங்கின சந்தோஷத்துல ரெண்டாயிரம் ரூபா சிகாரு கொண்டாந்து, தொப்பிய வெட்டாமயே பத்த வெச்சு சாமி வாயில சொருகிட்டாரு. அரை நிமிஷத்துல அணைஞ்சு போச்சு, ஜனங்க எல்லாம் சாமி கோவிச்சுக்கிட்டாருன்னு பயந்துட்டாங்க. சாமி கோவிக்கல, காத்து போக வழி இல்ல. சிகார்தான் வெக்கணும்னா தொப்பிய வெட்டிட்டு வெய்யுங்க.

நீ சுத்துவியா? தாத்தா கத்துக் குடுத்தாரா?

பத்தாவது லீவுல கத்துக் குடுத்தாரு. மொத நாள் பூரா இலைய தடவிப் பாக்க மட்டும்தான் விட்டாரு, ரெண்டாவது நாள் நரம்பு உருவ பாட்டிகிட்ட அனுப்பிட்டாரு, நாலாவது நாள்தான் பலகைக்கு விட்டாரு. காலையில உக்காந்து மத்தியானம் வரைக்கும் ஒண்ணே ஒண்ணு சுத்தினேன். நடுவுல குண்டா, ரெண்டு முனையும் ஒல்லியா, பாம்பு எலிய முழுங்கின மாதிரி. தாத்தா வாயில வெச்சு இழுத்தாரு, வரல, இன்னொரு தடவ இழுத்தாரு, கன்னம் ரெண்டும் ஒட்டிப் போச்சே தவிர காத்து வரல. "இது சுருட்டு இல்லடா, வெறகு"ன்னு சொல்லிட்டு பத்திரமா ஒரு ஓரமா வெச்சாரு.

சரி, பேரன் சுத்தினதுன்னு ஞாபகத்துக்கு வெக்கறாருன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறப்ப அத எடுத்து மடியில கட்டிக்கிட்டாரு. முனியப்பன் முன்னாடி வெச்சுட்டு திரும்பி வர்றப்ப சொன்னாரு, "அவரு ஒருத்தருதான்டா திருப்பிக் குடுக்க மாட்டாரு."

பலகை இன்னும் வீட்ல இருக்கு, அம்மா அதுல முருங்கைக்கீரை ஆயறாங்க.